ரெண்டாவது ரிமோட்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்ததையும், நடுவுல வந்த பால்காரர் சத்தத்தையும் மட்டும் வெட்டியிருக்கோம்.)

அம்பத்தூர்ல என் ரூம்ல, ஃபேனை ஆஃப் பண்ணிட்டு உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நல்லா வேர்க்குது. சீக்கிரம் முடிச்சிடலாம்னுதான் நினைக்கிறேன். ஆனா இன்னைக்கு டாபிக் அப்படி, சீக்கிரம் முடியாதுன்னு எனக்கே தெரியும்.

விஷயம் ஆபீஸ் லஞ்ச்ல ஆரம்பிச்சது. எங்க டீம்ல ஒருத்தர் அமெரிக்காவுல வளர்ந்தவர், இப்போ சென்னையில இருக்கார். பேச்சு சின்ன வயசு வீடியோ கேம் பக்கம் போச்சு. அவங்க வீட்ல அண்ணனோட நின்டெண்டோ இருந்துச்சாம். அட்டைப்பெட்டி, மேனுவல் எல்லாம் இன்னும் பத்திரமா வச்சிருக்காராம். நானும் ஆர்வமா, "எங்க வீட்லயும் இருந்துச்சு, 9999999 இன் 1 கேசட்டோட"ன்னு சொல்லி போன்ல ஒரு போட்டோ காட்டினேன். அவர் பார்த்துட்டு சிரிச்சார். "ஓ, இது ஒரிஜினல் இல்லையே. காப்பிதானே?"ன்னார்.

அவர் கிண்டல் பண்ணல. தகவலாதான் சொன்னார். அவர் சொன்னது உண்மையும்கூட. ஆனா அன்னைக்கு தயிர்சாதம் பாதிதான் இறங்குச்சு. பொருளே காப்பின்னா, அது மேல எனக்கு இருக்கிற ஏக்கமும் காப்பியா? இந்தக் கேள்வியோடதான் ஒரு வாரமா சுத்திட்டு இருந்தேன். அதுக்குப் பதில் தேடப் போய், நான் யோசிக்காத வேற ஒரு விஷயத்துல மாட்டிக்கிட்டேன். அதையும் சொல்றேன்.

அந்தப் பெட்டி என்ன பெட்டி?

முதல்ல ஒரிஜினல் கதை. 1983 ஜூலை 15. ஜப்பான்ல நின்டெண்டோ கம்பெனி 'ஃபேமிலி கம்ப்யூட்டர்'னு ஒரு மெஷினை விற்பனைக்கு விடுது. செல்லமா ஃபேமிகாம். அதையே வடிவத்தை மாத்தி, 1985ல அமெரிக்காவுல என்.ஈ.எஸ்.னு விட்டாங்க. உள்ள இருக்கிற பிராசஸர் வேகம் சுமார் 1.79 மெகாஹெர்ட்ஸ். ரேம் 2 கிலோபைட். நீங்க இப்போ கேட்டுட்டு இருக்கிற இந்த ஆடியோல ஒரு செகண்டை எடுத்தா, அதுகூட அந்த ரேம்ல அடங்காது.

இந்த மெஷினைப் பார்த்து தைவான், ஹாங்காங், அப்புறம் சீனான்னு பல இடங்கள்ல காப்பி அடிக்க ஆரம்பிச்சாங்க. தைவான்ல மைக்ரோ ஜீனியஸ். ரஷ்யாவுல 1992ல இருந்து டெண்டி. போலந்துல பெகாசஸ். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பேர். நம்ம ஊருக்கு வந்ததுல பாதிக்குப் பேரே கிடையாது. நாம அதை 'வீடியோ கேம்'னே சொன்னோம். பிற்காலத்துல வந்த மலிவு மாடலைக் கழட்டிப் பார்த்தா, உள்ள சிப்புன்னு எதுவும் தெரியாது. போர்டு நடுவுல கறுப்பா ஒரு பிசின் உருண்டை இருக்கும். மொத்த மெஷினும் அதுக்குள்ள.

இது அம்பத்தூருக்கு எப்படி வந்துச்சு? சென்னைக்காரங்களுக்குப் பதில் தெரியும். ரிச்சி ஸ்ட்ரீட், இல்லன்னா பர்மா பஜார். பர்மாவுல இருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969ல உருவான கடைத்தெரு அது. வெளிநாட்டுப் பொருள்னாலே பீச் ஸ்டேஷன்ல இறங்கி அங்க போகணும்னு ஒரு காலம் இருந்துச்சு. அப்புறம் 2001 ஏப்ரல் 1ல, வெளிநாட்டுச் சாமான் எவ்வளவு வரலாம்னு மிச்சமிருந்த அளவுக் கட்டுப்பாடுகளை இந்தியா எடுத்துச்சு. சீன சாமான்கள் பெட்டி பெட்டியா வந்து இறங்குச்சு. அந்த அலையில ஒரு சின்னத் துளி எங்க வீட்ல விழுந்துச்சு.

450 ரூபா

2005, மூணாங்கிளாஸ் லீவு. எங்கப்பா எஸ்டேட்ல ஒரு பட்டறையில டர்னர். (அந்தப் பட்டறை இருந்த இடத்துக்கு ரெண்டு தெரு தள்ளிதான் இப்போ என் ஆபீஸ். அதைப் பத்தித் தனியா ஒரு எபிசோட் பண்ணணும்.) அவருக்கு ஓவர்டைம் காசு வந்திருந்துச்சு. அம்பத்தூர்ல மின்சார ரயில் ஏறி, சென்ட்ரல்ல இறங்கி, பஸ் பிடிச்சு மவுண்ட் ரோடு. ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி இறங்கி, 450 ரூபாய்க்குப் பேரம் முடிஞ்சது. ரெண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, ஒரு மஞ்சள் கேசட். கன்ட்ரோலர்னு அதுக்குப் பேர் இருக்கிறதே எனக்கு காலேஜ்லதான் தெரியும். ரிமோட்னுதான் சொல்வோம்.

அப்போ எங்க வீட்ல இருந்தது பிளாக் அண்ட் ஒயிட் டிவி. மஞ்சள், வெள்ளை வயர் சொருக இடமே கிடையாது. ஆன்டெனா வயரைப் பிடுங்கிட்டு அந்த இடத்துல கேம் வயரைச் சொருகி, ட்யூனிங் திருகை மெதுவா திருப்பணும். கொசு பறக்குற திரையில திடீர்னு மெனு தெரியும். அந்த ஒரு செகண்டுக்கு நானும் அக்காவும் மூச்சே விடமாட்டோம்.

ரெண்டு வருஷம் மாரியோவை கறுப்பு வெள்ளையிலதான் விளையாடினோம். 2006ல ஆரம்பிச்ச இலவச கலர் டிவி திட்டத்துல, அடுத்த வருஷம் எங்களுக்கும் 14 இன்ச் டிவி வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி முதல்ல போட்டது நியூஸ் இல்ல, சீரியல் இல்ல, மாரியோ. வானம் நீலம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ஆனா கறுப்பு வெள்ளையில ஒரு லாபம் இருந்துச்சு. எங்க அக்கா என்னைவிட நாலு வயசு பெரியவ. ஒரு நாள் திரைகிட்ட போய் உட்கார்ந்துட்டு, "டேய், மேகமும் கீழ இருக்கிற செடியும் ஒன்னுடா. பாரு, அதே வளைவு"ன்னா. நான் நம்பல. இத்தனை வருஷம் கழிச்சு இன்ஜினியரா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், அது சத்தியமான உண்மை. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985ல வந்தப்போ மொத்த கேமும் 40 கிலோபைட். இடம் பத்தாததால ஒரே படத்தை வெள்ளையா போட்டா மேகம், பச்சையா போட்டா செடி. உலகத்துல பாதிப் பேரு அதை இன்டர்நெட்ல படிச்சுதான் தெரிஞ்சுக்கிட்டாங்க. எங்க அக்கா ஏழாங்கிளாஸ் லீவுல வெறும் கண்ணால கண்டுபிடிச்சா.

99 லட்சம் கேம்

அந்த கேசட் மேல 9999999 இன் 1னு போட்டிருக்கும். கிட்டத்தட்ட ஒரு கோடி. அப்பா ரொம்ப சந்தோஷமா, "இனிமே புது கேசட்டே வாங்க வேணாம்"னார். பத்து நாள்ல சாயம் வெளுத்துடுச்சு. அக்கா ரஃப் நோட்ல எண்ணி எழுதினா. பேரு மாறி மாறி வருது, ஆனா கேம் மொத்தம் 31தான்.

இது எப்படி நடக்குதுன்னு இப்போ புரியுது. மெனுல இருக்கிற ஒவ்வொரு பேரும் அதே கேமைத்தான் கூப்பிடும். எந்த லெவல்ல ஆரம்பிக்கணும், எத்தனை உயிர் கொடுக்கணும்ங்கிற ஒன்னு ரெண்டு எண் மட்டும் மாறும். அதனாலதான் ஒரு மாரியோ முதல் லெவல்ல ஆரம்பிக்கும், இன்னொன்னு நேரா தண்ணிக்குள்ள ஆரம்பிக்கும். ஏமாத்துதான். ஆனா 450 ரூபாய்க்கு 31 கேம். அதுல ஒரு பைசாகூட அதை உருவாக்கினவங்களுக்குப் போகல. அதையும் நேர்மையா சொல்லிடணும். நமக்கு ஞாபகம் இனிப்பா இருக்குங்கிறதுக்காக அது திருட்டு இல்லன்னு ஆகிடாது.

கான்ட்ராவுல 30 உயிர் வாங்குற மந்திரம் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ. இதை யார் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? கசுஹிசா ஹாஷிமோட்டோன்னு கொனாமி கம்பெனி புரோகிராமர். 1986ல கிராடியஸ்னு ஒரு கேமை டெஸ்ட் பண்ணும்போது, அது அவராலயே ஜெயிக்க முடியாத அளவுக்குக் கஷ்டமா இருந்திருக்கு. தன் வசதிக்காக ஒரு குறுக்கு வழி எழுதி வச்சார். அது அப்படியே வெளிய வந்துடுச்சு. 2020ல இறந்துட்டார். டெஸ்டிங்குக்காக எழுதின கோடை எடுக்காம ரிலீஸ் பண்ற பழக்கம் அப்பவே இருந்திருக்குன்னு தெரிஞ்சப்போ எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இன்னொரு விஷயம். யூடியூப்ல முதல் தடவை மாரியோ பாட்டைக் கேட்டப்போ, என்னடா இவ்ளோ வேகமா ஓடுதுன்னு தோணுச்சு. வீடியோவை ஓட்டி வச்சிருக்காங்கன்னே நினைச்சேன். காரணம் வேற. ஜப்பான், அமெரிக்கா டிவி செகண்டுக்கு 60 தடவை படம் வரையும். நம்ம டிவி 50 தடவை. அந்தக் கால கேம்ல பாட்டும் ஓட்டமும் படக் கணக்கைப் பிடிச்சுட்டுதான் நகரும். அதனால எங்க வீட்டு மெஷின்ல மாரியோ ஆறு அடி வைக்க வேண்டிய நேரத்துல அஞ்சு அடிதான் வச்சார். என் காதுல இருக்கிற மாரியோ பாட்டு கொஞ்சம் நிதானமானது. ஆபீஸ் நண்பர் காதுல இருக்கிறது வேற. ரெண்டு பேரும் ஒரே கேம் விளையாடினோம்னு சொல்றோம், ஆனா கேட்டது வேற வேற.

டேங்க்

இப்போ மெயின் மேட்டருக்கு வரேன். எங்க வீட்ல ராஜா மாரியோ இல்ல, டேங்க். ஒரிஜினல் பேர் பேட்டில் சிட்டி. நாம்கோ கம்பெனி 1985ல ஜப்பான்ல ஃபேமிகாமுக்காக விட்டது. கீழ நடுவுல ஒரு கழுகு, அதைச் சுத்தி செங்கல் சுவர். ஒரு ஸ்டேஜுக்கு 20 எதிரி டேங்க். கழுகு செத்தா ஆட்டம் முடிஞ்சுது. ரெண்டு பேர் சேர்ந்து காப்பாத்தணும்.

ஆபீஸ் நண்பர்கிட்ட இதைக் கேட்டேன். அவருக்கு பேரே தெரியல. ஏன்னா அந்தக் காலத்துல அமெரிக்காவுல இந்த கேம் வெளிவரவே இல்ல. ஒரிஜினல் நின்டெண்டோ வச்சிருந்த அவருக்குக் கிடைக்கல. ரஷ்யாவுல, சீனாவுல, நம்ம அம்பத்தூர்ல, காப்பி கேசட் வச்சிருந்தவங்களுக்குக் கிடைச்சது. அப்போ எனக்கு லேசா ஒரு தெம்பு வந்துச்சு, மறைக்கல.

அந்த தெம்போட அக்காவுக்கு போன் போட்டேன். அவ இப்போ திருநின்றவூர்ல இருக்கா. "அக்கா, டேங்க் ஞாபகம் இருக்கா? நாம எவ்ளோ விளையாடியிருக்கோம்ல"ன்னேன்.

"நாம இல்லடா. நீ விளையாடின. நான் ரெண்டாவது ரிமோட்"னா.

விளக்குறேன். ஒரிஜினல் ஃபேமிகாம்லயே ரெண்டாவது ரிமோட்ல ஸ்டார்ட், செலெக்ட் பட்டன் கிடையாது. எங்க காப்பியும் அப்படித்தான். எந்த கேம் போடணும், எப்ப நிறுத்தணும், எல்லாம் முதல் ரிமோட் கையில. அந்த முதல் ரிமோட் எப்பவும் என் கையில. வயசுல பெரியவ அவ. ஆனா எனக்காக வாங்கினதுன்னு வீட்ல ஒரு பேச்சு. யாரும் சட்டம் போடல. அப்படியே ஆகிப்போச்சு.

அவளுக்குப் பிடிச்சது சண்டை இல்ல. டேங்க் மெனுல மூணாவதா கன்ஸ்ட்ரக்‌ஷன்னு ஒன்னு இருக்கும். செங்கல், இரும்பு, தண்ணி, காடு எல்லாத்தையும் நம்ம இஷ்டத்துக்கு அடுக்கி ஒரு ஸ்டேஜ் கட்டலாம். அதுக்கு முதல் ரிமோட் வேணும். நான் சும்மா கொடுக்கமாட்டேன். என் ஹோம்வொர்க்கை எழுதினா பத்து நிமிஷம். பால் வாங்கிட்டு வந்தா பத்து நிமிஷம். அந்தப் பத்துப் பத்து நிமிஷத்துல அவ எங்க தெருவையே கட்டினா. கழுகு எங்க வீடு. செங்கல் அக்கம்பக்கத்து வீடுங்க. இரும்பு அப்பா வேலை பார்த்த பட்டறை காம்பவுண்டு. மேல முழுக்கத் தண்ணி, அம்பத்தூர் ஏரி. கரையில ஒரு வரிசை காடு.

அந்த மெஷின்ல சேவ் பண்ற வசதி கிடையாது. ஒரு சாயங்காலம் கரண்ட் போச்சு. திரும்பி வந்தப்போ மெனு மட்டும் நின்னுச்சு. அவ எழுந்து போயிட்டா. நான் உடனே கான்ட்ரா போட்டேன்.

20 ரூபாய்க்கு ஒரு மணி நேரம்

2009ல அக்காவுக்கு பத்தாவது பப்ளிக் எக்ஸாம். அம்மா மெஷினைத் துணியில சுத்தி பரண் மேல போட்டாங்க. நியாயம்தான். படிக்கணும். ஆனா எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அந்த வருஷம்தான் ஓ.டி. பக்கம் ஒரு சந்துல கேம் சென்டர் வந்துச்சு. அஞ்சு டிவி, அஞ்சு பிளேஸ்டேஷன் 2. மணிக்கு 20 ரூபா.

பி.எஸ்.2 ஜப்பான்ல 2000 மார்ச்ல வந்தது. 15 கோடிக்கும் மேல வித்து, 2013 ஜனவரி வாக்குல தயாரிப்பை நிறுத்திட்டாங்க. ஆனா இந்தியாவுக்குத் தனியா கேம் வந்துட்டே இருந்துச்சு. ஹைதராபாத்ல உருவான 'ஹனுமான்: பாய் வாரியர்' 2009ல வந்துச்சு. 'டான் 2' கேம் பி.எஸ்.2வுக்கு வந்தது 2013ல. உலகமே பி.எஸ்.4ஐ எதிர்பார்த்துட்டு இருந்த நேரம். நாம எப்பவும் கடைசி பஸ்ல வர்ற ஆளுங்க. ஆனா அந்த பஸ்லதான் கூட்டம் ஜாஸ்தி.

அங்க நாங்க விளையாடினது ரெஸ்லிங், சான் ஆண்ட்ரியாஸ், காட் ஆஃப் வார். எட்டு எம்.பி. மெமரி கார்டை சட்டை பாக்கெட்ல போட்டுட்டு போவேன். என் வாழ்க்கையில முதல் சேவ் ஃபைல் அது. எனக்கும் பத்தாவது வந்துச்சு. அப்போ யாரும் எதையும் துணியில சுத்தி வைக்கல. ஏன்னா சுத்தி வைக்க வீட்ல ஒன்னும் இல்ல, எல்லாம் வெளிய இருந்துச்சு.

அந்த சென்டர்ல நாலு வருஷத்துல ஒரு பொண்ணு உள்ள வந்து உட்கார்ந்து விளையாடி நான் பார்த்ததே இல்ல. பொண்ணுங்க வரக்கூடாதுன்னு போர்டு எதுவும் மாட்டல. அக்காகிட்ட நீ போகாதேன்னு வீட்ல யாரும் சொல்லவும் இல்ல. அவ கேட்கவே இல்ல. ஒரே ஒரு தடவை, "அங்க டேங்க் இருக்குமாடா?"ன்னு கேட்டா. "அதெல்லாம் பழசு"ன்னு சொல்லிட்டு செருப்பை மாட்டினேன்.

போன்ல இதையெல்லாம் பேசிட்டு இருக்கும்போது, "உனக்கு நாஸ்டால்ஜியாவே இல்லையா?"ன்னு கேட்டேன். "பழைய ஞாபகம்னு எல்லாம் ஒன்னும் இல்லடா. எனக்கு அது பாதியில விட்டது. அவ்வளவுதான்"னா.

வீட்ல இருந்த பெட்டியைப் பத்தி நாம பாட்காஸ்ட் பண்றோம், ரீல்ஸ் போடுறோம், மீம் போடுறோம். வீட்ல இருந்த வரைக்கும் அது ரெண்டு பேரோடது. வீட்டை விட்டு வெளிய போனதும் ஒருத்தரோடது ஆகிடுச்சு. பழைய கேம் பத்தி எத்தனையோ எபிசோட் கேட்டிருக்கேன். இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. நானும் இத்தனை நாள் சொன்னதில்ல.

நீங்க அனுப்பின வாய்ஸ் நோட்

போன வாரம் இந்த டாபிக்னு சொன்னதும் நிறைய வாய்ஸ் நோட் வந்துச்சு. ஆவடியில எச்.வி.எஃப். குவார்ட்டர்ஸ்ல வளர்ந்த ஒருத்தர், எட்டு வீட்டுக்கு ஒரு மெஷின், கேசட் மட்டும் வீட்டுக்கு ஒன்னு, சாயங்காலம் மாத்திக்குவோம்னு சொன்னார். பூந்தமல்லியில இருந்து ஒருத்தர், பொங்கல் லீவுக்கு மட்டும் மெஷினை நாள் வாடகைக்கு எடுத்து, காசு வீணாகக் கூடாதுன்னு ராத்திரி முழுக்க முறை போட்டு விளையாடின கதை சொன்னார். திருமுல்லைவாயல்ல இருந்து ஒரு பொண்ணு அனுப்பினது பதினோரு செகண்ட்தான். "எங்க வீட்ல நான்தான் முதல் ரிமோட். தம்பி இன்னும் அழுவான்." நல்லா இருங்க சகோ. உங்க தம்பிகிட்ட நான் விசாரிச்சதா சொல்லுங்க.

பரண்ல இருந்து

இந்தப் பொங்கலுக்குப் பரண்ல ஏறினேன். மெஷின் இருந்துச்சு. நீங்களும் எடுக்கப் போறீங்கன்னா நாலு விஷயம் சொல்றேன்.

ஒன்னு, பழைய அடாப்டரை அப்படியே சொருகாதீங்க. என்னோடது 9 வோல்ட். வயர் உளுத்துப்போய் இருந்துச்சு. மெஷின் அடியில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. வோல்ட், பின்னோட பிளஸ் மைனஸ் ரெண்டும் பொருந்தினாதான் புது அடாப்டர் போடணும்.

ரெண்டு, கேசட்டை ஊதாதீங்க. தெரியும், மனசு கேட்காது. ஊதினதால ஓடல. வெளிய எடுத்துத் திரும்பச் சொருகினோம்ல, அதுல முனை சரியா உட்கார்ந்து ஓடுச்சு. வாய் ஈரம் பட்டா முனை துருப்பிடிக்கும். நின்டெண்டோவே ஊத வேணாம்னுதான் சொல்லியிருக்கு. காது குடையற பஞ்சுக் குச்சியில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க, காயட்டும், போடுங்க.

மூணு, வாத்து சுடுற துப்பாக்கி உங்க புது டிவியில வேலை செய்யாது. துப்பாக்கி எதையும் சுடல, அது பார்க்குது. நீங்க விசையை அழுத்தினதும் திரை ஒரு கணம் முழுக்க கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கிற இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி உள்ள இருக்கிற சென்சாருக்கு அந்த வெளிச்சம் தெரிஞ்சா வாத்து அவுட். பழைய குண்டு டிவி அதை உடனுக்குடன் வரையும். எல்.சி.டி. டிவி படத்தை வாங்கி, யோசிச்சு, அப்புறம்தான் காட்டும். அதுக்குள்ள துப்பாக்கி பார்த்து முடிச்சிடும். அதனால வீட்ல குண்டு டிவி இருந்தா, காயலான் கடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

நாலு, முடிஞ்சா போட்டோ எடுத்து வைங்க, யார் வாங்கினாங்க, எங்க வாங்கினாங்கன்னு எழுதி வைங்க. அமெரிக்காவுல 2023ல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்னு ஒரு அமைப்பு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அங்க வெளியான பழைய கேம்கள்ல 87 சதவீதம் இன்னைக்குக் கடையில வாங்கக் கிடைக்காது. அட்டைப்பெட்டியும் மேனுவலும் இருக்கிற ஊர்லயே இந்த நிலைமை. நம்ம பெட்டிக்கு பேரே கிடையாது. நாம சொல்லி வச்சாதான் உண்டு.

சரி, கதைக்கு வரேன். பொங்கலுக்கு அக்கா பொண்ணோட வந்திருந்தா. இலவச டிவி பாட்டி ரூம்ல இன்னும் உயிரோட இருந்துச்சு. வயரைச் சொருகி ஆன் பண்ணினேன். மெனு வந்துச்சு. டேங்க் வரைக்கும் தள்ளிட்டு, முதல் ரிமோட்டை அக்கா கையில கொடுத்தேன். அவ ஒரு செகண்ட் என்னைப் பார்த்தா. "ஹோம்வொர்க் எதுவும் இல்லையே?"ன்னா.

நேரா கன்ஸ்ட்ரக்‌ஷன் போனா. பதினாறு வருஷம் ஆச்சு, கை தடுமாறவே இல்ல. கழுகைச் சுத்தி வீடுங்க. இரும்பு காம்பவுண்டு. அப்பா பின்னாடி நின்னு பார்த்துட்டு, "அந்தப் பட்டறையை இடிச்சாச்சும்மா"ன்னார். அக்கா அந்த இரும்பை எடுக்கல. மேல ஏரியை ஆரம்பிச்சா. ரெண்டு வரிசை தண்ணி போட்டுட்டு நிறுத்தினா. "முன்னாடி ஆறு வரிசை போட்டியே?"ன்னேன். "இப்போ ஏரி அவ்வளவு இல்லையேடா"ன்னு சொல்லிட்டு, மிச்ச இடத்துல செங்கல் வச்சா.

அப்புறம் ரெண்டு பேரும் அந்தத் தெருவுல விளையாடினோம். நான் ரெண்டாவது ரிமோட், பச்சை டேங்க். தெரியாம ரெண்டு தடவை அவளைச் சுட்டு உறைய வச்சேன். எங்க வீட்டைக் காப்பாத்த முடியல. நாலு நிமிஷம் தாங்கினோம். அவ பொண்ணு, "நான், நான்"னு குதிச்சுட்டு இருந்தா. அக்கா ரிமோட்டைக் கொடுத்தா. முதல் ரிமோட்டை.

ஆஃப் பண்றதுக்கு முன்னாடி கன்ஸ்ட்ரக்‌ஷன் திரையை போன்ல போட்டோ எடுத்துட்டேன். இந்த எபிசோடோட கவர் படம் அதுதான். மங்கலா, கோடு கோடா இருக்கும். குண்டு டிவியை போட்டோ எடுத்தா அப்படித்தான் வரும்.

ஆபீஸ் நண்பருக்கு இதுதான் என் பதில். ஆமாங்க, மெஷின் காப்பிதான். கேசட்ல போட்டிருந்த நம்பரும் பொய். ஆனா அதுல எங்க அக்கா கட்டின தெரு, அது வேற எந்த மெஷின்லயும் கிடையாது. அவர்கிட்ட போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இந்த கேமை எனக்கும் காட்டுங்க"ன்னார். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வரார். அக்காவையும் வரச் சொல்லியிருக்கேன்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்க வீட்ல ரெண்டாவது ரிமோட் யார் கையில இருந்துச்சுன்னு யோசிங்க. அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுவோம். இப்போ நான் ஃபேனைப் போட்டுக்கிறேன். வரட்டா.